பிங்க் காகிதமும் பத்து நாளும்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் குடியிருக்கிறீர்கள், சன்னிவேலில் வேலை, ஹெச்-1பி விசா. போன சனிக்கிழமை நண்பர் வீட்டு விருந்து முடிந்து வரும்போது, நள்ளிரவு தாண்டி போலீஸ் நிறுத்தியது. ஸ்டேஷனில் ஊதியதில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.11 சதவீதம் என்று வந்தது. ஞாயிறு விடிந்ததும் விட்டுவிட்டார்கள். லைசென்ஸை அவர்கள் வைத்துக்கொண்டு ஒரு பிங்க் காகிதத்தை உங்கள் கையில் கொடுத்தார்கள். இது முதல் தடவை, யாருக்கும் அடிபடவில்லை. மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. "ஒரு மாதம் கழித்து ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ், அதாவது நிபந்தனையோடு ஓட்ட விடும் லைசென்ஸ், தருவார்கள் என்று நண்பர் சொன்னார், அதை வைத்து மகளைப் பள்ளியில் விடலாமா? அதுவரை இந்திய லைசென்ஸில் ஓட்டலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி லைசென்ஸைப் பற்றித்தான். ஆனால் இந்த ஊரில் கார் இல்லாமல் குடும்பத்தை எப்படி ஓட்டுவது என்பதுதான் உள்ளே இருக்கும் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. சான் ஹோசேயில், குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகளை மட்டுமே எடுக்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினோரு வருடம் பாராலீகலாக, அதாவது வக்கீலின் உதவியாளராக இருந்தேன். லைசென்ஸ் தரும் மாநில வாகனத் துறையான டிஎம்வியின் காகிதங்களை நிரப்புவதும், டிஎம்வி போனில் காத்திருப்பதும்தான் பெரும்பாலும் என் வேலை. அதனால் லைசென்ஸ் பக்கம் எனக்கு அத்துபடி. கோர்ட் பக்கம் ஓரளவு தெரியும். விசா பக்கம், எங்கே ஆபத்து என்று கை காட்டும் அளவுக்குத்தான் தெரியும். கலிஃபோர்னியாவைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸுக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பிங்க் காகிதத்தை எடுத்து முழுவதும் படியுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்திருப்பார்கள், படித்திருக்க மாட்டார்கள். அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. 30 நாளுக்கு அதுவே உங்கள் தற்காலிக லைசென்ஸ். அதாவது இன்று நீங்கள் ஓட்டலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு. கூடவே அது சஸ்பென்ஷன் உத்தரவும்கூட. 30 நாள் முடிந்ததும் சஸ்பென்ஷன் தானாக ஆரம்பித்துவிடும், யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அதே காகிதத்தில் இன்னொரு வரியும் இருக்கும்: இந்த உத்தரவை எதிர்த்து விசாரணை வேண்டுமானால் 10 நாளுக்குள் கேட்க வேண்டும். வேலை நாள் கணக்கு இல்லை, சனி ஞாயிறும் சேர்த்து 10 நாள். "கோர்ட் தேதி அடுத்த மாதம்தானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர்கள் இந்தப் பத்து நாளைத்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஏன் என்றால், உங்கள் மேல் ஓடுவது ஒரு வழக்கு இல்லை, இரண்டு. ஒன்று கோர்ட்டில். வழக்கமாக இரண்டு குற்றச்சாட்டுகள் போடுவார்கள்: மதுவின் பாதிப்பில் ஓட்டியது, ரத்தத்தில் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தபோது ஓட்டியது. இன்னொன்று டிஎம்வியில். அது குற்ற வழக்கே இல்லை, நிர்வாக நடவடிக்கை. கோர்ட் என்ன சொல்லும் என்று டிஎம்வி காத்திருக்காது. கோர்ட்டில் பேசி முடித்து, குற்றம் 'வெட் ரெக்லெஸ்' என்று சொல்லப்படும் சின்னக் குற்றமாகக் குறைந்தால், கோர்ட் வழியாக வர வேண்டிய சஸ்பென்ஷன் வராது. டிஎம்வி போட்ட சஸ்பென்ஷன் அப்போதும் அப்படியே நிற்கும். வழக்கையே தள்ளுபடி செய்தாலும் அது தானாக விழுந்துவிடாது. 0.08 குற்றச்சாட்டில் விசாரணை நடந்து குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தால்தான் டிஎம்வி தன் உத்தரவை எடுக்க வேண்டும். இது பலருக்கு அநியாயமாகத் தெரியும். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் தோன்றியது.

விசாரணை கேட்பதால் நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. 10 நாளுக்குள் கேட்டுவிட்டால், விசாரணை முடிந்து முடிவு வரும்வரை சஸ்பென்ஷன் நிறுத்திவைக்கப்படும், தற்காலிக லைசென்ஸும் நீளும். விசாரணையில் பார்ப்பது மூன்றே விஷயம்தான்: போலீசுக்கு உங்கள் மேல் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்ததா, கைது சட்டப்படி நடந்ததா, ஓட்டும்போது 0.08 அல்லது அதற்கு மேல் இருந்ததா. "எனக்கு வேலை போய்விடும், குழந்தை இருக்கிறது" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஜெயிப்பது கடினம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். முன்பெல்லாம் ஒரே டிஎம்வி அதிகாரிதான் துறைக்காக வாதாடவும் செய்வார், தீர்ப்பும் சொல்வார். அது முறையல்ல என்று 2022-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தக் கூத்து நின்றது. இருந்தாலும் இதை ஜெயிப்பதற்காக மட்டும் கேட்பதில்லை. போலீஸ் ரிப்போர்ட்டும் ஊதிய மிஷினின் பதிவுகளும் கைக்கு வரும். எல்லாவற்றையும்விட, அவகாசம் கிடைக்கும். கீழே சொல்லப்போகும் ஏற்பாடுகளைச் செய்ய அந்த அவகாசம் வேண்டும்.

இந்திய லைசென்ஸ் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். முடியாது. சஸ்பெண்ட் ஆவது அந்தப் பிளாஸ்டிக் அட்டை இல்லை, கலிஃபோர்னியா ரோட்டில் வண்டி ஓட்டும் உங்கள் உரிமை. சென்னை ஆர்டிஓ கொடுத்த லைசென்ஸ், இன்டர்நேஷனல் பெர்மிட், வேறு மாநிலத்தில் இருக்கும் மச்சான் வீட்டு முகவரியில் எடுத்த லைசென்ஸ், எதைக் காட்டினாலும் சஸ்பென்ஷன் காலத்தில் ஓட்டினால் அது புதுக் குற்றம். அதற்குச் சிறைத் தண்டனைக்கும் வழி இருக்கிறது. டியூஐ (குடித்துவிட்டு ஓட்டிய குற்றம்) தண்டனையால் வந்த சஸ்பென்ஷனில் ஓட்டிப் பிடிபட்டால் குறைந்தது 10 நாள் ஜெயில் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வண்டியை 30 நாள் பிடித்துவைத்துக்கொள்ளவும் போலீசுக்கு அதிகாரம் உண்டு. மாநிலங்களுக்குள் இந்த விவரம் பரிமாறிக்கொள்ளப்படுகிறது, அதனால் நெவாடாவுக்குப் போய்ப் புது லைசென்ஸ் எடுக்கும் யோசனையும் வேண்டாம்.

சரி, இப்போது நீங்கள் கேட்ட ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ். அந்தப் பெயரில் இங்கே இரண்டு வெவ்வேறு சமாசாரம் இருக்கிறது. உங்கள் நண்பர் சொன்னது அதில் ஒன்று, அதுவும் உங்களுக்குப் பொருந்தாத ஒன்று.

முதல் தடவை, ஊத மறுக்கவில்லை, 21 வயதுக்கு மேல் என்றால் டிஎம்வி போடும் சஸ்பென்ஷன் 4 மாதம். கோர்ட்டில் தண்டனை ஆனால் அதன் பேரில் தனியாக 6 மாதம். இரண்டும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும், கூட்டிப் பத்து மாதம் என்று பயப்பட வேண்டாம். டிஎம்வி சஸ்பென்ஷனுக்கு நண்பர் சொன்ன வழி இது: முதல் 30 நாள் காரைத் தொடவே கூடாது. அதன்பிறகு 5 மாதத்துக்கு, வேலைக்குப் போக, வேலையிலிருந்து வர, வேலை நேரத்தில் வேலைக்காக ஓட்ட, டியூஐ வகுப்புக்குப் போய்வர மட்டும் ஒரு லைசென்ஸ். பள்ளிக்கூடம் இதில் இல்லை. மளிகைக் கடை இல்லை. லிவர்மோர் கோவில் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போவதும் இல்லை. வீட்டிலிருந்தே வேலை என்றால் இந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு வகுப்புக்கு மட்டும் போய்வரலாம், அவ்வளவுதான். எங்களிடம் வந்த ஒருவர் ஆபீஸ் முடிந்து வரும் வழியில் இந்தியன் ஸ்டோரில் கறிவேப்பிலை வாங்கத் திரும்பினார். திரும்பிய இடத்தில் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். அந்த விளக்கு அவருக்கு இன்னொரு வழக்கைக் கொண்டுவந்தது. நிபந்தனையை மீறி ஓட்டுவதும் குற்றம்தான்.

இரண்டாவது வழி, காரில் இன்டர்லாக் பொருத்திக்கொள்வது. ஊதினால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், அந்தச் சாதனம்தான். இதற்கு 30 நாள் காத்திருக்க வேண்டாம். சஸ்பென்ஷன் ஆரம்பிக்கும் அன்றே இந்த லைசென்ஸுக்கு மாறிக்கொள்ளலாம். எங்கே வேண்டுமானாலும், எந்த நேரமும் ஓட்டலாம். ஒரே நிபந்தனை, நீங்கள் ஓட்டும் எந்த வண்டியிலும் அது இருக்க வேண்டும். டிஎம்வி சஸ்பென்ஷனுக்கு 4 மாதம், தண்டனையின் சஸ்பென்ஷனுக்கு 6 மாதம். முதல் கட்டத்தில் பொருத்தி ஓட்டிய காலத்தை இரண்டாவதில் கழித்துக்கொள்வார்கள். தண்டனைக்குப் பிறகு வேலைக்கு மட்டும் என்ற லைசென்ஸை எடுத்தால் அது ஒரு வருடம் வரை இழுக்கும். இதில் ஆறே மாதம். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. எதுவும் வேண்டாம் என்று காரை ஷெட்டில் விட்டுவிட்டு சஸ்பென்ஷன் காலம் முழுவதையும் ஓட்டாமலே கழிப்பது. சான் ஃபிரான்சிஸ்கோவில் தனியாக இருக்கும் இளைஞர் சிலர் அப்படிச் செய்தார்கள். மகளோடு ஃப்ரீமான்ட்டில் இருப்பவருக்கு அது சரிவராது.

ஆக, உங்கள் நிலைமைக்கு நான் இன்டர்லாக்கைத்தான் சொல்வேன், தயக்கமே இல்லை. ஆனால் பலர் இதைக் கடைசி வரை தள்ளிப்போடுவார்கள். காரணம் செலவு இல்லை, வெட்கம். மாமனார் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அதை எடுத்து ஊத வேண்டுமே என்பதுதான். அந்தக் கஷ்டம் உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காக ஒரு வருடம் மகளை யார் யாரோ காரில் ஏற்றி அனுப்புவதா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள், அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2010 ஜூலையிலிருந்து அலமேடா, லாஸ் ஏஞ்சலஸ், சாக்ரமென்டோ, டுலேரி என்ற நான்கு கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், மட்டும் ஒரு சோதனைத் திட்டம் ஓடியது. அங்கே முதல் தடவை தண்டனை ஆனவர்களுக்கும் இன்டர்லாக் கட்டாயம். ஃப்ரீமான்ட் இருப்பது அலமேடாவில். அந்தக் காலத்தில் பிடிபட்டவர் "கட்டாயம் மாட்டியே ஆகணும்" என்பார். அதே வருடம் பக்கத்து மில்பீடஸில், அதாவது சான்டா கிளாரா கவுண்டியில், பிடிபட்டவர் "எனக்கு அதெல்லாம் இல்லையே" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 2019 ஜனவரியிலிருந்து மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி வந்தது. முதல் தடவை, யாருக்கும் காயமில்லை என்றால் இன்டர்லாக் உங்கள் விருப்பம், நீதிபதியாகப் பார்த்து உத்தரவிட்டால் தவிர. இரண்டாவது தடவை என்றால் ஒரு வருடம் கட்டாயம், மூன்றாவது என்றால் இரண்டு வருடம். முதல் தடவை, இரண்டாம் தடவை என்று எண்ணுவது பத்து வருடக் கணக்கில்.

அந்தச் சாதனத்தோடு வாழ்வது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பழைய செல்போன் அளவுக்கு ஒரு பெட்டி, சுருள் வயரில் டாஷ்போர்டுக்குக் கீழே தொங்கும். நுனியில் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் குழாய். குளிர்காலக் காலையில் அது சூடாகும்வரை காத்திருக்க வேண்டும், அதனால் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ஊதியதில் 0.03-ஐத் தொட்டால் ஸ்டார்ட் ஆகாது. நம் ஊர் கணக்கில் சொன்னால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், இந்தியச் சட்டத்தின் எல்லையும் அதேதான். ஸ்டார்ட் ஆகி ஓட ஆரம்பித்த பிறகு நடுநடுவே பீப் அடித்து மறுபடி ஊதச் சொல்லும். பதற வேண்டாம், சில நிமிட அவகாசம் தரும், ஓரமாக நிறுத்தி ஊதலாம். ஊதாவிட்டால் ஓடும் இன்ஜினை அது நடுரோட்டில் அணைத்துவிடாது. ஆனால் பதிவாகிவிடும்.

வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹாலுக்கும் ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலுக்கும் அதற்கு உடனே வித்தியாசம் தெரியாது. மவுத்வாஷ் கொப்பளித்துவிட்டு ஊதினால் மாட்டிக்கொள்வீர்கள். சில இருமல் மருந்துகளும் அப்படித்தான். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்வது, அவற்றில் இயற்கையாகவே ஆல்கஹால் உண்டு. அலமாரியில் இருந்தால் இந்த ஆறு மாதம் தொடாதீர்கள். தப்பித்தவறி மாட்டினால் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி ஊதுங்கள். வாயில் இருந்தது மட்டும் என்றால் இரண்டாவது அளவு கீழே வந்துவிடும், அந்த இரண்டு பதிவையும் சேர்த்துப் பார்த்தாலே விஷயம் விளங்கும். அப்புறம், 60 நாளுக்கு ஒருமுறை கொண்டுபோய் அளவு சரிபார்க்க வேண்டும். மூன்று முறை அதைத் தவறவிட்டாலோ, சாதனத்தைக் கழற்றினாலோ, ஏதாவது நோண்டினாலோ கம்பெனி டிஎம்விக்குச் சொல்லியாக வேண்டும், லைசென்ஸ் மறுபடி சஸ்பெண்ட் ஆகும். ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம் என்று காரின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார் ஒருவர். நல்ல எண்ணத்தில் செய்தது, சாதனத்துக்கு அது நோண்டல். சர்வீஸ் சென்டருக்கு முன்கூட்டியே போன் செய்திருந்தால் போதும்.

இனி நடைமுறை. இன்டர்லாக் லைசென்ஸுக்கு டிஎம்வி நான்கு விஷயம் கேட்கும். முதலில் டியூஐ வகுப்பில் சேர்ந்ததற்கான அத்தாட்சி. மாநிலச் சுகாதாரத் துறை உரிமம் கொடுத்த வகுப்பாக இருக்க வேண்டும். இணையத்தில் எட்டு மணி நேரத்தில் சான்றிதழ் தரும் விளம்பரங்கள் எதுவும் இங்கே செல்லாது. உங்கள் 0.11-க்கு மூன்று மாதத் திட்டம், மொத்தம் 30 மணி நேரம். 0.20-ஐத் தாண்டியிருந்தால் ஒன்பது மாதம் ஆகியிருக்கும். சேர்ந்ததும் அவர்களே டிஎல் 107 என்ற படிவத்தை டிஎம்விக்கு அனுப்புவார்கள். கோர்ட் சொல்லும்வரை காத்திருக்காமல் இப்போதே சேர்ந்துவிடலாம். பாதியில் விட்டால் ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ் உடனே ரத்தாகும், லீவு வேண்டுமானால் எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது எஸ்ஆர்-22. பெயரைக் கேட்டு ஏதோ தனிக் காப்பீடு என்று நினைக்கிறார்கள். இல்லை, "இவருக்கு எங்களிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, நின்றுபோனால் உடனே சொல்கிறோம்" என்று உங்கள் கம்பெனி டிஎம்விக்குக் கொடுக்கும் உறுதிச் சீட்டு. மூன்று வருடம் இடைவெளியில்லாமல் இருக்க வேண்டும். தவணை கட்ட ஒரு நாள் மறந்தாலும் சஸ்பென்ஷன் திரும்ப வரும், அதனால் ஆட்டோ-பே போட்டுவிடுங்கள். மூன்றாவது, இன்டர்லாக் பொருத்தியதற்கான டிஎல் 920 படிவம், பொருத்துபவர் தருவார். நான்காவது கட்டணம், லைசென்ஸை மறுபடி தர 125 டாலர். இந்த நான்கும் டிஎம்வி கணினியில் ஏறும்வரை நீங்கள் ஓட்டக் கூடாது. வகுப்புக்காரர் அனுப்பிவிட்டேன் என்பார், டிஎம்வி வரவில்லை என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் என் நேரத்தில் பாதி இந்த இடத்தில்தான் போனது. ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வாங்கி ஒரு ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. கோர்ட் அபராதம் 390 முதல் 1000 டாலர் என்று சட்டத்தில் இருக்கும், அதன்மேல் ஏறும் கூடுதல் கட்டணங்களைச் சேர்த்தால் பல மடங்காகிவிடும். இன்டர்லாக்கின் மாத வாடகையில் குறைந்த வருமானக்காரர்களுக்குச் சலுகை உண்டு, மிகக் கீழ்ப்படியில் இருப்பவர் பத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். உங்கள் சம்பளத்துக்கு அது கிடைக்காது. நீண்ட நாள் வலிப்பது இன்ஷூரன்ஸ்தான். நல்ல ஓட்டுநருக்குச் சட்டப்படி தர வேண்டிய 20 சதவீதத் தள்ளுபடி, டியூஐ தண்டனை ஆனால் பத்து வருடத்துக்குக் கிடையாது.

இவ்வளவு நேரம் சொன்னது உறுதியாகச் சொல்லக்கூடியது. கோர்ட்டில் எப்படி முடியும் என்பதை, காகிதங்களைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. 0.11 ஒன்றும் எல்லைக்கோட்டில் இருக்கும் எண் இல்லை, அதனால் வழக்கு குறையும் என்று இப்போதே நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. தண்டனை ஆனால் புரொபேஷன், அதாவது நன்னடத்தைக் கண்காணிப்புக் காலம், வரும். அந்தக் காலம் முழுவதும் 0.01 இருந்தாலே மீறல், அதாவது ஒரு பீர்கூடக் குடித்துவிட்டு ஓட்ட முடியாது. இன்டர்லாக்கைக் கழற்றிய பிறகும் இது தொடரும், பலர் மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப். தண்டனைகூட வேண்டாம், டியூஐ கைது ஒன்று பதிவில் இருந்தாலே அமெரிக்க வெளியுறவுத் துறை அந்த விசாவை ரத்து செய்யலாம், செய்தும் வருகிறார்கள். பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலாக வரும். வந்தவுடன் மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஸ்டாம்ப் ரத்தானதால் மட்டும் இங்கே இருக்கும் உங்கள் ஹெச்-1பி நிலை முடிந்துவிடாது. ஆனால் வெளியே போனால் புது விசா இல்லாமல் திரும்பி வர முடியாது. அதற்குத் தூதரகம் நியமித்த டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அது எவ்வளவு நாள் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. அதனால் தீபாவளிக்கு டிக்கெட் போட்டிருந்தால், குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் பேசாமல் விமானம் ஏறாதீர்கள். டியூஐ வக்கீலும் குடியேற்ற வக்கீலும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும்படி செய்யுங்கள், கோர்ட்டில் எதை ஒப்புக்கொள்கிறீர்கள் என்பது இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். பின்னால் கிரீன் கார்டு படிவத்தில் "எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா" என்ற கேள்வி வரும், அதற்குப் பதில் "ஆம்" என்பதுதான், வழக்கு எப்படி முடிந்திருந்தாலும். இதற்கு மேல் இந்த விஷயத்தில் என் பேச்சைக் கேட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

டெக்சாஸில் இருக்கும் உங்கள் இன்னொரு நண்பர், ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று நீதிபதியிடம் போய் வாங்கினேன் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது சரிதான், அங்கே கோர்ட்தான் தருகிறது, விசாரணை கேட்க 15 நாள். நியூயார்க்கில் வேலை, படிப்பு, மருத்துவம் எல்லாம் சேர்த்து, சொந்த வேலைக்கென்று வாரத்தில் தொடர்ந்து மூன்று மணி நேரமும் தருவார்கள். அவை எதுவும் இங்கே உங்களுக்கு உதவாது. இந்தியாவில் இப்படி ஒரு பாதி லைசென்ஸே கிடையாது. குடித்து ஓட்டினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். லைசென்ஸை சஸ்பெண்ட் செய்தால் முழுதாகத்தான் சஸ்பெண்ட்.

இப்போது நாள் கணக்கு. ஞாயிறு அதிகாலை காகிதம் கொடுத்திருக்கிறார்கள், இன்று வியாழன். பத்தாவது நாள் வருகிற புதன்கிழமை. அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை எட்டு மணிக்கு, காகிதத்தில் இருக்கும் டிஎம்வியின் டிரைவர் சேஃப்டி அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். விசாரணை வேண்டும், சஸ்பென்ஷனை நிறுத்திவைக்க வேண்டும், ஆதாரங்களின் நகல் வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். பேசியவர் பெயர், நேரம் எல்லாம் எழுதிவையுங்கள், ஃபேக்ஸும் ஒன்று அனுப்பி உறுதிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் வைப்பதாக இருந்தால் அவரே இதைச் செய்வார், செய்துவிட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனைவி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். இதுதான் நேரம், எழுத்துத் தேர்வுக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆனால் கற்றுக்கொள்பவருக்கான பெர்மிட்டில் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவரிடம் செல்லுபடியாகும் கலிஃபோர்னியா லைசென்ஸ் இருக்க வேண்டும். உங்களுடையது சஸ்பெண்ட் ஆகியிருக்கும்போது நீங்கள் உட்கார முடியாது, டிரைவிங் ஸ்கூல் ஆளையோ ஒரு தோழியையோ பாருங்கள். உங்கள் காரில் இன்டர்லாக் மாட்டியிருந்தால் மனைவியும் ஊதித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், அது யார் ஊதுகிறார்கள் என்று பார்ப்பதில்லை. பொருத்துகிறவரிடம் சொன்னால் அவருக்கும் சேர்த்து ஊதச் சொல்லிக்கொடுப்பார்.